உசிலை மரத்தில் ஒரு பாஸ்போர்ட்

அத்தாவின் லீவுக்கு ஒரு கால அட்டவணை உண்டு. ஷார்ஜாவிலிருந்து வந்து இறங்கிய முதல் வாரம் முழுக்க மீன். கோட்டக்குப்பத்துக் கடலில் அன்று எது வலையில் விழுந்ததோ அது மதியம் எங்கள் சட்டியில் கிடக்கும். இரண்டாம் வாரம் சொந்தபந்தம். மூன்றாம் வாரம் ஒழுகும் குழாய், ஆடும் ஃபேன், சாத்த முடியாத ஜன்னல் எல்லாவற்றையும் பழுது பார்ப்பார். நான்காம் வாரம் அத்தா எதுவும் செய்யமாட்டார். அந்த வாரம் எல்லாம் அம்மாவுடையது. பொடி இடிப்பதும் ஊறுகாய் கட்டுவதும் பெட்டியைத் தூக்கித் தூக்கி எடை பார்ப்பதுமாக வீடே விமான நிலையத்தின் வாசல் போல ஆகிவிடும்.

எனக்குப் பத்து வயதான வருடம், அந்த நான்காம் வாரத்தில் அத்தா வழக்கத்துக்கு மாறாக ஒன்று கேட்டார்.

"ஒரு நாள் காட்டுல போய் உக்காரணும்."

அம்மா உரலிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள். அம்மாவின் தம்பியான மாமா, எங்கள் வீட்டுச் சோற்றுக்கும் மாருதி ஆம்னிக்கும் பொறுப்பாளர், வாயில் இருந்த டீயைக் கஷ்டப்பட்டு விழுங்கினார்.

"இன்னா மச்சான், தாடி வளர்த்துக்கினு அங்கியே தங்கிடப் போறீங்களா?"

எனக்கும் ஏமாற்றம்தான். பாண்டிச்சேரி போட்டிங்கும் அதற்குப் பிறகு ஐஸ்கிரீமும் என்று நான் மனத்துக்குள் முடிவு செய்து வைத்திருந்தேன். ஆனால் அத்தா பிடிவாதமாக இருந்தார். ஷார்ஜாவில் அவருக்கு ஏ.சி. மெஷின் ரிப்பேர் வேலை. பகலெல்லாம் மாடி மாடியாக மொட்டை வெயிலில் நிற்பவர். அங்கே மரமே இல்லையா என்று நான் கேட்டதற்கு, "இருக்கு. அதுவும் என்னை மாதிரிதான். வெளியூர்லேருந்து கொண்டாந்து நட்டு வச்சது" என்றார். நான் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு சிரித்தேன்.

திண்டிவனம் தாண்டி மேற்கே போனால் ஒரு காப்புக்காடு. அதன் ஓரத்தில் வனத்துறை ஒரு பூங்கா அமைத்து, பொதுமக்கள் வந்துபோகத் திறந்துவிட்டிருந்தது. புதன்கிழமை அத்தாவுக்கு விமானம். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, பிரியாணி தேக்சாவை நடுவில் வைத்து அதைச் சுற்றி நாங்கள் உட்கார்ந்துகொள்ள, மாமாவின் ஆம்னி கிளம்பியது.

வீட்டைப் பூட்டிக்கொண்டு போகும்போது அத்தாவின் பாஸ்போர்ட்டை வீட்டில் விட்டுவிட்டுப் போகக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். முந்தைய வருடம் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் திருடன் புகுந்ததிலிருந்து அது அமலில் இருந்தது. பாஸ்போர்ட், டிக்கெட் எல்லாம் ஜிப் வைத்த ஒரு கறுப்புப் பையில் இருக்கும். அந்தச் சின்னப் பை அம்மாவின் கைப்பைக்குள் இருக்கும். கைப்பை அம்மாவின் அக்குளில் இருக்கும்.

பூங்கா வாசலில் காக்கிச் சட்டையைப் புடவைக்கு மேல் போட்டுக்கொண்டு, கழுத்தில் விசிலோடு ஓர் அம்மா நின்றிருந்தார். சீட்டுக் கிழித்துக் கொடுப்பவரும் அவரே, காவல் பார்ப்பவரும் அவரே. பக்கத்துக் கிராமத்துக்காரர்.

"பாய், தீனி எதுவும் கையில வச்சிக்கினு சுத்தாதீங்க. அதோ குடில் இருக்குது பாருங்க, அங்க உக்காந்து துன்னுட்டு மூடி வச்சிடணும். ஏட்டு ஒருத்தன் இருக்கான். கண்ணுல பட்டா புடுங்கிடுவான்."

ஏட்டு என்பது போலீஸ்காரர் இல்லை, ஒரு ஆண் குரங்கு. தொந்தியும் நடையும் பார்த்து அவர் வைத்த பெயர்.

சொல்லிவிட்டுப் பைகளைத் திறந்து பார்க்க ஆரம்பித்தார். அத்தா கொண்டுவந்த தங்கத்தாள் சுற்றிய சாக்லேட்டுகளில் நான்கை நான் பாவாடைப் பையில் ஒளித்து வைத்திருந்தேன். அம்மா நாளுக்கு ஒன்று என்று அளந்து கொடுப்பவள். ஆம்னியிலிருந்து தேக்சாவை இறக்க எல்லாரும் திரும்பிய நேரத்தில், அம்மா சீட்டில் வைத்திருந்த கைப்பைக்குள் கையைவிட்டு, பாஸ்போர்ட் பையின் ஜிப்பைத் திறந்து நான்கையும் உள்ளே தள்ளினேன். உலகத்தில் யாரும் சோதனை போடாத இடம் அதுதான் என்று எனக்குத் தோன்றியது. காக்கிச் சட்டை அம்மாவும் அதைத் திறந்து பார்க்கவில்லை.

உள்ளே நன்றாகத்தான் இருந்தது. ஒரு சறுக்குமரம், இரண்டு ஊஞ்சல், கொம்பு உடைந்த ஒரு சிமென்ட் மான். திண்டிவனத்து வெயிலில் பென்குயின் வடிவக் குப்பைத்தொட்டி ஒன்று வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அதற்கு அப்பால் களாப் புதரும் காரைச் செடியும் உசிலை மரங்களுமாக நிஜக் காடு. பார்வைக் கோபுரத்தில் ஏறினால் வயலும் ஏரியும் பாறைக் குன்றுகளும் தெரிந்தன. அத்தா எதிலும் ஏறவில்லை. ஒரு உசிலை மரத்தடியில் செருப்பைக் கழற்றிவிட்டு, மண்ணில் காலைப் பதித்து உட்கார்ந்தார். அவ்வளவுதான். அதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தோமா என்று மாமா என் காதில் கேட்டார்.

எங்களைத் தவிர அங்கே ஒரு பெரிய குடும்பமும் வந்திருந்தது. மயிலம் கோயிலில் குழந்தைக்குக் காது குத்திவிட்டு அப்படியே வந்தவர்கள். விவசாயக் குடும்பம். பெரியவரிலிருந்து கைக்குழந்தை வரை ஆறேழு பேருக்குப் புதிதாக மொட்டை அடித்துச் சந்தனம் பூசியிருந்தது. வெயிலில் எல்லாத் தலைகளும் மஞ்சளாக மின்னின.

அம்மா குடிலில் பாயை விரித்து, தட்டுகளை எடுத்து வைக்கத் தொடங்கினாள். கைப்பையை என்னிடம் கொடுத்து, "பத்திரம்" என்றாள். அந்த ஒரு சொல்லை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். பத்திரமான இடமாகத் தேடிக்கொண்டு நான் பென்குயினுக்குப் பின்னால் போனேன். கறுப்புப் பையை வெளியே எடுத்தேன். ஜிப்பை முக்கால்வாசி திறந்திருப்பேன். தோளுக்கு மேலே ஒரு கை வந்தது. அம்மாவின் கை என்றுதான் முதலில் நினைத்தேன். அம்மாவின் கையில் அவ்வளவு முடி கிடையாது.

நான் போட்ட சத்தத்தில் மாமா சறுக்குமரத்தின் பாதியிலேயே நின்றுவிட்டார். ஏட்டு பையை வாயில் கவ்விக்கொண்டு, தொந்தியைத் தூக்கிக்கொண்டு, அத்தா உட்கார்ந்திருந்த அதே உசிலை மரத்தின் உச்சிக்குப் போய்விட்டது.

"கொரங்கு தூக்கிக்கினு போயிடுச்சும்மா" என்று அழுதேன். எதற்காகத் தூக்கியது என்பதைச் சொல்லவில்லை.

"எத?"

"அத்தா பாஸ்போர்ட்ட."

அம்மாவின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. அடுத்த நிமிடம் மரத்தடியில் ஒரு திருவிழாக் கூட்டம். மொட்டைத் தலைகள் எல்லாம் வரிசையாக அண்ணாந்து பார்த்தன. காக்கிச் சட்டை அம்மா விசில் ஊதிக்கொண்டே ஓடிவந்தார். மாமா பார்வைக் கோபுரத்தில் ஏறி அங்கிருந்து நேர்முக வர்ணனை தர ஆரம்பித்தார். "ஜிப்ப தொறக்குதுக்கா! உள்ள கைய வுடுது! இன்னாவோ எடுத்திடுச்சி!"

எடுத்தது தங்கத்தாள் சுற்றிய சாக்லேட். ஏட்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தாளை உரித்து, அழகாகத் தின்றது. தாள் ஆடி ஆடி இறங்கி அம்மாவின் தலையிலேயே உட்கார்ந்தது. அம்மா அதை எடுத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

நான் அத்தாவின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டேன். எல்லாரும் ஓடியாடிக்கொண்டிருக்க, அத்தா மட்டும் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தார். என் தலையில் கையை வைத்து, "எத்தினி வச்சே?" என்று கேட்டார்.

"நாலு."

"நாலா? அப்ப இன்னும் மூணு இருக்கு. நேரமாகும்" என்று சொல்லிவிட்டு, சோற்றுத் தட்டைக் கேட்டார்.

அம்மாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "இன்னாங்க நீங்க? புதங்கெழமை பிளைட்டு. அங்க அது கிழிச்சிப் போட்டா என்னாவறது? நாள் முழுக்க மாடி ஏறுறவரு, இந்த மரத்துல ஏற மாட்டீங்களா?"

"ஏறுனா அது அடுத்த மரத்துக்குப் போவும். அவசரப்படாத" என்றார் அத்தா. பிரியாணி சாப்பிட்டார். எலும்பை மெதுவாகக் கடித்தார். அம்மா ஆயத்துல் குர்ஸி ஓதி மரத்தின் பக்கமாக ஊதினாள். மொட்டைக் குடும்பத்துப் பெரியவர் வந்து அத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து தேக்சாவை ஏக்கமாகப் பார்த்தார்.

"கோயிலுக்குப் போய்ட்டு வந்த நாளாப் போச்சி பாய். நாளைக்கா இருந்தா ஒரு கை பாத்திருப்பேன்."

"நாளைக்கும் வாங்க. கொரங்கு இறங்கலேன்னா நாங்க இங்கதான் இருப்போம்" என்றார் அத்தா. இருவரும் சிரித்தார்கள். இவ்வளவு தைரியமான மனிதருக்கு நான் மகள் என்று எனக்கு அந்தப் பயத்திலும் பெருமையாக இருந்தது.

மூன்றாவது தாள் விழுந்தது. பிறகு நான்காவது. ஏட்டு பையைத் தலைகீழாக உதறியது. விமான டிக்கெட் அச்சடித்த தாள் இரண்டு துண்டாகப் பறந்து வந்தது. அம்மா "யா அல்லா!" என்று அலறினாள். "அது வெறும் பிரிண்ட்டுதான், வேற எடுத்துக்கலாம்" என்று மாமா கோபுரத்திலிருந்து கத்தினார். அதற்குப் பிறகு ஏட்டு பாஸ்போர்ட்டை வெளியே எடுத்து, விரித்து, முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டது. குடியேற்ற அதிகாரிகூட அவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டார்.

"இதுக்கு ஒரே வழிதான்" என்றார் காக்கிச் சட்டை அம்மா. பெரியவரின் மூட்டையில் தெரிந்த வேர்க்கடலையைக் காட்டி, "மல்லாட்டை வேவிச்சிக் கொண்டாந்திருக்கீங்களா?" என்று கேட்டார்.

"சொந்தக் கொல்லைல வெளஞ்சது" என்றார் பெரியவர்.

"ரெண்டு கை குடுங்க."

ஆனால் வாங்கிய கையோடு காக்கிச் சட்டை அம்மா தயங்கி நின்றார். மரத்துக்கு நேர் எதிரே, 'குரங்குகளுக்கு உணவளிப்பது தண்டனைக்குரிய குற்றம்' என்று பெரிய எழுத்தில் பலகை இருந்தது. அவர் தினமும் துடைத்து வைக்கும் பலகை. இங்கும் அங்கும் பார்த்தார். பெரிய பேஜாரில் மாட்டிக்கொண்ட முகம். பிறகு மொட்டைக் குடும்பத்தை ஒரு முறை எண்ணினார்.

"நீங்க எல்லாம் கொஞ்சம் அந்த போர்ட மறைச்சிக்கினு நில்லுங்க. ஜல்தி. இந்த ஒருவாட்டிதான்."

சந்தனத் தலைகள் தோளோடு தோள் சேர்ந்து பலகைக்கு முன்னால் நின்றன. கைக்குழந்தையைக்கூடத் தூக்கிப் பிடித்து 'குற்றம்' என்ற சொல்லை மறைத்தார்கள். காக்கிச் சட்டை அம்மா அவித்த மல்லாட்டையைப் பாறையின் மேல் கொட்டி, எங்கள் எல்லாரையும் பத்தடி பின்னால் போகச் சொன்னார்.

ஏட்டு ஒரு கண்ணால் மல்லாட்டையைப் பார்த்தது. பாஸ்போர்ட்டை மோந்து பார்த்தது. கிளைக்குக் கிளை இறங்கி வந்தது. பாதி மரத்தில் நின்று, அட்டையை ஒரு கடி கடித்துப் பார்த்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். நான் கண்ணை மூடவில்லை. அத்தாவைப் பார்த்தேன். அதுவரை அசையாமல் இருந்தவர் அப்போதுதான் எழுந்து நின்றிருந்தார். கையில் ஒட்டிய சோற்றுப் பருக்கை அப்படியே இருந்தது.

ஏட்டு பாஸ்போர்ட்டை விட்டது. அது ஒரு களாப் புதரின் மேல் விழுந்து தங்கியது. குரங்கு மல்லாட்டைக்குப் பாய, காக்கிச் சட்டை அம்மா புதருக்குப் பாய்ந்தார். முள் கிழித்த கையோடு பாஸ்போர்ட்டை உயர்த்திக் காட்டியதும், பலகையை மறைத்துக்கொண்டிருந்த குடும்பம் மொத்தமும் "ஹோ" என்று கத்தியது. மாமா கோபுரத்தின் படிகளில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கி வந்தார். அம்மா காக்கிச் சட்டை அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதாள். அழுகைக்கு நடுவிலேயே எட்டி என் தொடையில் கிள்ளினாள்.

பாஸ்போர்ட்டை அத்தாவிடம் கொடுத்தார்கள். அவர் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு வாங்கினார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, ஒவ்வொரு தாளாக, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விசா ஒட்டிய பக்கத்தைத் திரும்ப ஒரு தரம் பார்த்தார்.

"ஒரு பக்கம்கூட கிழியலையா?" என்று கேட்டார்.

"ஒரு கீறல் இல்ல பாய். அட்டையில மட்டும் லேசா பல்லு பட்டிருக்கு. உங்க நல்ல நேரம்" என்றார் காக்கிச் சட்டை அம்மா.

எல்லாரும் சிரித்தார்கள். பெரியவர் அத்தாவின் முதுகில் தட்டினார். அத்தாவும் சிரித்தார், மற்றவர்கள் சிரித்து முடித்த பிறகு.

எனக்கு அன்று புரிந்ததெல்லாம், ஒரே ஒரு கிள்ளோடு தப்பித்துவிட்டேன் என்பதுதான். சந்தோஷத்தில் ஊஞ்சலுக்கு ஓடினேன். அத்தா அப்படிக் கேட்டது பாஸ்போர்ட்டுக்கு எதுவும் ஆகவில்லையே என்ற நிம்மதியில்தான் என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.