டம்ளருக்குள் ஒரு பல்செட்

எங்கள் தெரு மருந்துக்கடைக்காரர் மாத்திரையை எண்ணிக் கொடுப்பார். செய்தியை அள்ளிக் கொடுப்பார். போன மாதம் அள்ளிக் கொடுத்தது இது:

"பல்செட்காரருக்கு மண்டை கழண்டுருச்சு. செத்துப்போன பொண்டாட்டி பல்செட்டை டம்ளர்ல போட்டு எதிர்ல வச்சு, அதோட பேசிக்கிட்டே சாப்பிடுறாராம். அந்தம்மா உயிரோட எழும்பி வரும்போது மாட்டிவிடணுமாம்!"

"நீங்க பார்த்தீங்களா?"

"நான் எதுக்குப் பார்க்கணும்? நம்பகமான ஆள் சொன்னாரு."

நம்பகமான ஆள் யாரென்று கேட்டால் இவர் எதிர்க்கடைக்காரரைக் காட்டுவார். எதிர்க்கடைக்காரர் இவரைக் காட்டுவார். நானே போய்ப் பார்ப்பதென்று முடிவு செய்தேன். நல்லவேளையாக எங்கள் பெரியம்மாவின் கீழ்ப் பல்செட்டில் விரிசல் விட்டிருந்தது. அதைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு கிளம்பினேன்.

நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. முன்னறை பட்டறை, பின்னறை வீடு. ஜன்னலோரம் வரிசையாகப் பிளாஸ்டர் தாடைகள். ஊரின் பெரிய மனிதர்கள் பலர் வாயைத் திறந்துகொண்டு பொய் சொல்லாமல் இருப்பதை அங்கேதான் பார்க்க முடியும். மேசை மூலையில் சிறு தட்டால் மூடிய கண்ணாடி டம்ளர். தண்ணீருக்குள் ரோஸ் நிற ஈறோடு ஒரு பல்செட். வதந்தியில் அரைவாசி உண்மை.

"உட்காருங்க தம்பி. முடிச்சு வாங்கிட்டுத்தான் போகணும்."

"நாளைக்கு வந்து வாங்கிக்கிறேனே, அண்ணே."

"நாளைக்குங்கிற பேச்சே இங்க கிடையாது."

இதற்கும் தெருவில் ஒரு விளக்கம் உண்டு: பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் வருகிறவர்களைப் பிடித்து உட்கார வைக்கிறாராம். ஆனால் மனிதர் பேசவே இல்லை. பெரியம்மாவின் பல்செட்டைப் பிளாஸ்டரில் பதித்தார். விரிசலின் ஓரங்களை ராவினார். ரோஸ் பொடியைத் திரவத்தில் குழைத்து இடைவெளியில் இட்டார். அது இறுகும்வரை சாப்பிடலாம் என்று டப்பாவைத் திறந்தார். ஒரே டப்பா, ஒரே கரண்டி. சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டார். டம்ளர் தன் மூலையிலேயே இருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, அந்த டம்ளர்..."

"மருந்துக்கடையில சொன்னாங்களா? நான் அதோட பேசுறேனாமா?" சிரித்தார். "அவ உயிரோட இருந்தப்பவே நான் பேசுனது கம்மி. அதுதான் தம்பி அவளோட குறையே."

பிறகு கரண்டியைக் கழுவிக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். மனைவிக்கும் அவரே பல் கட்டியிருக்கிறார். இடப்பக்கம் கடித்தால் குத்துகிறது என்றாள் அவள். நாளைக்குப் பார்க்கிறேன் என்றார் இவர். வெளியாட்களின் வேலை குவிந்து கிடந்தது. வீட்டு ஆள் எங்கே ஓடிவிடப் போகிறாள்? நாலு நாள் அவள் வலப்பக்கமாகவே மென்றாள். ஐந்தாம் நாள் பல்செட்டைக் கழற்றி, "இந்தாங்க, உங்க கண்ணு முன்னாடியே வச்சிட்டேன்" என்று மேசையில் வைத்தாள். அன்று மதியம் மாரடைப்பு. அடக்கம் முடிந்து வீடு திரும்பிய பிறகுதான் இவர் கண்ணில் பல்செட் பட்டது. ஊருக்கெல்லாம் பல் கட்டுகிறவரின் மனைவி பொக்கை வாயோடு போயிருந்தாள்.

"எழும்பி வரும்போது மாட்டிவிடத்தான் வச்சிருக்கீங்களா?"

"நான் என்ன கேனையனா? அங்க அவளுக்குச் சொந்தப் பல்லே இருக்கும். போதகர் சொல்லிட்டாரு, ஒரு குறையும் இல்லாத உடம்பாம். அங்க எனக்கு வேலையே கிடையாது."

"அப்புறம் எதுக்கு?"

"எழும்புனதும் மொத வார்த்தை என்ன கேப்பான்னு எனக்குத் தெரியும். 'அந்த இடப்பக்கத்தைப் பார்த்தீங்களா'ன்னு கேப்பா. புதுப் பல்லு வந்துட்டா பழசு மறந்துருமா? நான் என்ன பதில் சொல்றது?"

"இப்பவே ராவி வச்சிட்டா?"

இழுப்பறையிலிருந்து ஒரு நீலத்தாள் துண்டை எடுத்துக் காட்டினார். "இதை வச்சுக் கடிச்சாத்தான் எந்தப் பல்லு உசரம்னு நீலமாப் படியும். கடிக்க வாய் வேணும் தம்பி."

குப்பையில் போடச் சொல்கிறாள் மகள், போனில். கல்லறையில் புதைத்துவிடலாம் என்கிறார் போதகர். இவர் இரண்டுக்கும் இசையவில்லை. காய்ந்தால் கோணிவிடும் என்று தினமும் காலையில் தண்ணீரை மாற்றுகிறார். வருகிற வேலையை அன்றே முடிக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், உடல் உயிர்த்தெழும் என்று சபை முழுக்கச் சத்தமாகச் சொல்லும் இடத்தில் இவர் குரல் தணிந்துவிடுமாம். மற்றவர்களுக்கு அது ஆறுதல், இவருக்குச் சம்மன்.

"கேக்கட்டும்," என்றார், டப்பாவை மூடிக்கொண்டே. "கேக்குறதுக்கு அவ வந்தா போதும்."

பெரியம்மாவின் பல்செட்டை மெருகேற்றி ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தார். "இது பாதி வேலைதான். வாயில போட்டுக் கடி பார்க்கணும். பெரியம்மாவை இன்னைக்கே கூட்டிட்டு வாங்க. மாடி ஏற முடியாதுன்னா ஒரு போன் போடுங்க, நானே வர்றேன்."

"நாளைக்குப் போடுறேன் அண்ணே" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் டம்ளர் தட்டைச் சரியாக மூடி வைத்தார்.

கீழே மருந்துக்கடைக்காரர் காத்திருந்தார். பல்செட்காரர் யாரோடும் பேசவில்லை என்றேன்.

"டம்ளர்?"

"டம்ளர் இருக்கு."

"பார்த்தீங்களா! நான் சொன்னேன்ல?"

மூன்று வாரம் ஆகிவிட்டது. பல்செட்காரரின் போன் எண் என் சட்டைப்பையில்தான் இருக்கிறது. இடப்பக்கம் லேசாகக் குத்துகிறது என்று பெரியம்மா இன்று காலையும் வலப்பக்கமாகவே மென்றார்.