ஆறரை கிலோமீட்டர் தூரத்தில் என் ஓட்டு

இந்த வலைப்பூவில் அதிகம் பேர் படித்த பதிவு எதுவென்று கேட்டால் எனக்கே கூச்சமாக இருக்கும். போனதற்கு முந்தைய நாடாளுமன்றத் தேர்தலின்போது எழுதியது அது. பெங்களூரில் ஓட்டுப்போட விட்ட விடுமுறையோடு இன்னும் மூன்று நாள் சேர்ந்து வந்தது. அந்த நான்கு நாளில் ஊட்டி போய்வருவது எப்படி என்று விலாவாரியாக எழுதியிருந்தேன். “பாதி ஊர் வரிசையில் நிற்கும், வியூ பாயிண்ட் நமக்கு மட்டும்” என்று அதில் ஒரு வரி. எனக்கு மிகவும் பிடித்த வரியும் அதுதான்.

போன தேர்தலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, நான் விடாமல் பார்க்கும் அரசியல் நையாண்டி நிகழ்ச்சியில் ஒரு காட்சி வந்தது. தேசியத் தலைவர் ஒருவரின் வேடத்தில், நரைத்த விக்கோடு, ஓட்டுப்பெட்டியைக் கட்டிக்கொண்டு மலை உச்சியில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். பெங்களூர் ஐடிக்காரர்கள் முதுகுப்பையோடு ஏறி வருகிறார்கள். ஒருத்தி போனைப் பார்த்து சத்தமாகப் படிக்கிறாள்: “பாதி ஊர் வரிசையில் நிற்கும்...” தலைவர் பெருமூச்சு விடுகிறார்: “வியூ நல்லாத்தான் இருக்கு. ஓட்டரைத்தான் காணோம்.”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகுதான் அது என் வரி என்று உறைத்தது. என் பதிவைத்தான் படித்தார்களோ, எல்லாரும் இப்படியே எழுதுகிறோமோ, தெரியாது. ஆனால் அன்றைக்குப் பட்ட அவமானம் நிஜம். பத்து வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன், ஒரு தடவைகூட ஓட்டுப் போட்டதில்லை. இந்த முறை போட்டே தீருவது என்று முடிவு செய்தேன். இந்தப் பயணத்துக்குக் காரணம் அதுதான்.

வாக்குப்பதிவு அன்று காலை 7.10க்கு வீட்டைவிட்டுக் கிளம்பினேன். இப்போது குடியிருப்பது ஜோகுபாளையத்தில். பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடி நானூறு மீட்டர்தான், நடந்தே போனேன். தெரு முழுக்க மஞ்சள் பூ உதிர்ந்து கிடந்தது. ஹாரன் சத்தம் இல்லாத பெங்களூரை அன்றுதான் கேட்டேன். எதிரே வந்தவர்கள் மை வைத்த விரலைக் கொஞ்சம் விறைப்பாக வைத்துக்கொண்டு மெதுவாக நடந்தார்கள். இன்னும் தூக்கத்தில்தான் இருக்கிறோமோ என்று ஒரு சந்தேகம் வந்தது.

பள்ளிக்கு வெளியே கட்சிக்காரர்கள் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் என் அட்டை எண்ணைப் போனில் தட்டிப் பார்த்தார்.

“மேடம், உங்க பேரு இங்க இல்ல. விவேக் நகர்ல காட்டுது, ஏதோ பிஜி அட்ரஸ்.”

வாடகை வீட்டுக்காரர்களுக்கே உரிய கோளாறு இது. இந்த ஊருக்கு வந்த புதிதில் விவேக் நகரில் பிஜி எனும் வாடகை விடுதியில் இருந்தேன். அங்கே பதிவு செய்து அட்டையும் வாங்கினேன். பிறகு ஆஸ்டின் டவுனில் இரண்டு வருடம், அதன் பிறகு ஜோகுபாளையம். காஸ், வங்கி, ஆன்லைனில் துணி வாங்கும் கணக்கு என்று எல்லாவற்றிலும் முகவரியை மாற்றினேன். ஓட்டு மட்டும் முதல் அறையிலேயே தங்கிவிட்டது.

விடுமுறை நாளில் தேடி அலைந்து 8.15க்குத்தான் ஆட்டோ கிடைத்தது. போக, காத்திருக்க, திரும்ப எல்லாம் சேர்த்து முன்னூறு ரூபாய். ஓட்டுநர் ஆனந்த், ஜோகுபாளையத்திலேயே பிறந்து வளர்ந்தவர், என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவராக இருக்கலாம். ஏழு மணிக்கே ஓட்டுப் போட்டுவிட்டதாகச் சொல்லி விரலைக் காட்டினார்.

“ஆஸ்டின் டவுன் வழியா போலாமா?” என்று கேட்டேன்.

“சுத்துக்கா. ஆறரை கிலோமீட்டர் ஆவும். பரவால்ல, ரோடு சும்னே காலியாத்தான் கெடக்குது.”

டிரினிட்டி சிக்னலில் நாங்கள் மட்டும் நின்றோம். நான் அந்த மலை உச்சிக் காட்சியைச் சொன்னேன். அவ்வளவுதான், ஆனந்த் அப்படியே அந்தத் தலைவர் குரலுக்கு மாறிவிட்டார். அந்த நிகழ்ச்சியை ஆட்டோ ஸ்டாண்டில் எல்லாரும் போனில் பார்ப்பார்களாம். ஆளுங்கட்சித் தலைவர், எதிர்க்கட்சித் தலைவர், நிதி அமைச்சர், ரயில் அமைச்சர் என்று வரிசையாக எல்லார் குரலும் அவரிடம் இருந்தது. பச்சை விழுந்ததைக்கூட நாங்கள் கவனிக்கவில்லை. ஆஸ்டின் டவுனில் நான் குடியிருந்த தெரு வந்தது. என் பழைய ஜன்னலில் யாருடைய சிவப்புத் துண்டோ காய்ந்துகொண்டிருந்தது. அங்கே இன்னும் நான் இருக்கிறேன், காபி போட உள்ளே போயிருக்கிறேன் என்று ஒரு நிமிடம் தோன்றியது.

விவேக் நகர் சாவடிக்கு 8.40க்குப் போய்ச் சேர்ந்தோம். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. அரை மணி நேரப் பழக்கத்தில் என் போனை ஆனந்திடம் கொடுத்துவிட்டு வரிசையில் நின்றேன். ஒரு மணி இருபது நிமிடம். வாசலில் வேட்பாளர் பட்டியல் ஒட்டியிருந்தது. அதன் நிழலில்தான் நின்றேன், படிக்கவில்லை. எனக்குத்தான் அரசியல் எல்லாம் தெரியுமே!

உள்ளே மேசையில் இருந்த அலுவலர் அம்மா என் பெயரைத் தேடி எடுத்தார். தேடியவர் இன்னொரு தாளைப் புரட்டினார், முகம் மாறியது.

“நீங்க காலி பண்ணிட்டுப் போயிட்டீங்கன்னு மார்க் பண்ணியிருக்கு மேடம்.”

வீடு வீடாகச் சரிபார்க்க வந்தவர்களிடம் பிஜிக்காரர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். “ரூமைத்தான் காலி பண்ணேன், ஊர்லதான் இருக்கேன்” என்றேன். குரல் உடைந்ததில் எனக்கே ஆச்சரியம். தலைமை அதிகாரி எழுந்து வந்தார். அட்டையில் இருந்த படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு தாளில் கையெழுத்து, பதிவேட்டில் கைநாட்டு. பிறகு விரலில் மை வைத்தார்கள். சில்லென்று இருந்தது.

அட்டை மறைப்புக்குப் பின்னால் போய் நின்றேன். இயந்திரத்தில் இருபத்துச் சொச்சம் பெயர்கள், பக்கத்தில் சின்னச் சின்னப் படங்கள். அதில் ஒரு முகம்கூட எனக்குத் தெரியவில்லை. தில்லியில் யார் எப்படி நடப்பார், யார் எந்த வார்த்தையில் திக்குவார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஆனால் என்னைச் சிரிக்க வைத்த ஒருவரும் என் தொகுதியில் நிற்கவில்லை. இந்த இருபது பேரைப் பற்றி எந்த நிகழ்ச்சியும் ஒரு ஜோக் சொன்னதில்லை. கிணற்றுக்குள் நிற்பதுபோல அவ்வளவு அமைதி.

“மேடம், பேகா, பேகா” என்று வெளியே ஒரு குரல் அவசரப்படுத்தியது. தெரிந்த சின்னம் ஒன்றை அழுத்தினேன். பீப் சத்தம் நீளமாக வந்தது.

10.20க்கு வெளியே வந்தேன். ஆனந்த் போனைத் திருப்பிக் கொடுத்தார். டிரினிட்டி தாண்டியதும் போனில் வேட்பாளர் பட்டியலைத் தேடி எடுத்தேன்.

“ஆனந்த், நீங்க போட்டவர் பேரு தெரியுமா?”

“சின்னம் பாத்துதான்கா போட்டேன். பேரு யாருக்கு ஞாபகம் இருக்குது?”

ஒவ்வொரு பெயராக சத்தம் போட்டுப் படித்தேன். காலியான சாலையில் பூவுக்கு மேலே ஆட்டோ மெதுவாகப் போனது. ஒரு பெயர் வந்ததும் ஆனந்த் வழக்கம்போலத் தொண்டையைச் செருமி, குரலை மாற்றத் தயாரானார். ஆனால் எந்தக் குரலும் வரவில்லை.

“இவரு எப்படிக்கா பேசுவாரு?”

நான் அழுத்தியது அந்தப் பெயருக்குத்தான். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

இந்தப் பயணம் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். வீடு மாறினால் வாக்காளர் முகவரியையும் படிவம் 8 கொடுத்து மாற்றிவிடுங்கள். தேர்தலுக்குச் சில நாள் முன்பே உங்கள் பெயர் எந்தச் சாவடியில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். பட்டியலில் ‘காலி செய்தவர்’ என்று குறித்திருந்தால் திரும்பி வந்துவிடாதீர்கள், தலைமை அதிகாரியைக் கேளுங்கள். தொப்பி, தண்ணீர் அவசியம். மை வைத்த விரலைக் காட்டினால் சில ஓட்டல்களில் காபி இலவசம். எங்கள் இருவருக்கும் கிடைத்தது.

ஊட்டிப் பதிவை நான் அழிக்கவில்லை. பயணம் நல்ல பயணம்தான், தகவல்களும் சரியானவை. அதன் தலையில் மட்டும் இரண்டு வரி சேர்த்திருக்கிறேன்: ஓட்டுப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். போடும் முன், யாருக்குப் போடுகிறீர்களோ அவர் குரலை ஒரு தடவையாவது கேட்டுவிடுங்கள்.