மருதம்மாளின் சாயல்

ஜெயபாரதிக்குப் பதினான்கு வயதில் முகவாயில் முடி கருக்கத் தொடங்கியது. அதை முதலில் பார்த்தவள் அவளுடைய அம்மா. தலைவாரிக்கொண்டிருந்த சீப்பை அப்படியே நிறுத்திவிட்டு, "வந்துட்டாளா" என்றாள்.

யார் என்று ஜெயபாரதி கேட்கவில்லை. மங்கலம் என்ற அந்த ஊரில், அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அப்பா ஞானசம்பந்தத்தின் அக்கா மருதம்மாள், ஜெயபாரதி பிறப்பதற்குப் பதினாலு வருஷத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தவள். வெள்ளகோவிலில் வாழப் போய், எட்டாம் மாதம் திருப்பி அனுப்பப்பட்டவள். தாடி முளைக்கிறது, மாதாமாதம் வீட்டுக்கு ஒதுங்குவதே இல்லை, பொம்பளையே இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். காற்று சேட்டை, பேய் பிடித்திருக்கிறது என்று தாராபுரம் பக்கம் ஒரு கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். திரும்பும் வழியில் வாய்க்காலில் விழுந்துவிட்டாள், உடம்புகூடக் கிடைக்கவில்லை. இவ்வளவுதான் கதை. வீட்டில் அவளுடைய படம் ஒன்றுகூட இல்லை.

படம் இல்லாததுதான் ஜெயபாரதிக்கு வினையாகப் போயிற்று. கண்ணாடியைப் பார்க்கும்போதெல்லாம் அந்த முகம் இதுவாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. நாலு மாதம், ஐந்து மாதம் மாதவிலக்கு வராமல் போகும். அப்போதெல்லாம் அத்தை உள்ளே உட்கார்ந்துகொண்டு கதவைச் சாத்திவிட்டாள் என்று நினைப்பாள். குளியலறையில் ரேசரைக் கையில் வைத்துக்கொண்டு, "போயிருங்க அத்தை, உங்களுக்கு நா ஒண்ணும் பண்ணலீங்க" என்று மெதுவாகச் சொல்வாள். யாரிடமும் இதைச் சொன்னதில்லை. தம்பி வேல்குமாருக்கு இருபத்து நாலு வயதிலேயே முன்மண்டை வழுக்கை விழுந்தது. அப்பாவுக்கும் அப்படித்தான் விழுந்தது என்று எல்லோரும் சிரித்தார்கள். அவன்மேல் யாரும் வந்து இறங்கியதாகப் பேச்சு எழவில்லை.

படிப்பு முடிந்து ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்குக்குப் போனாள். தைத்து வந்த பீஸை விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் பார்க்கிற வேலை. மேஜைக்கு நேர் மேலே வெள்ளை விளக்கு எரியும். எந்தக் குறையும் அதில் தப்பாது. அதனால் பத்து வருஷம் தலையைக் குனிந்தபடியே வேலை பார்த்தாள். நல்ல செக்கர் என்று பெயர் வாங்கினாள்.

இருபத்தொன்பதாவது வயதில் பெண் பார்க்க வந்தவர்களில் ஒரு அம்மா, காப்பித் தட்டை நீட்டிய ஜெயபாரதியின் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தணிந்த குரலில், "இவங்க அத்தைதானுங்களே அந்த மருதம்மா?" என்றாள். அதற்குமேல் பேச்சு ஓடவில்லை. அந்த ஒரு வாரம் ஜெயபாரதி கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள்.

அடுத்த மாதம் கம்பெனியில் மருத்துவ முகாம் போட்டார்கள். கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த டாக்டர் சுபஸ்ரீ, ஜெயபாரதியின் கழுத்து மடிப்பில் படர்ந்திருந்த கருப்பைப் பார்த்தார். "விலக்கு ஒழுங்கா வருதுங்களா?" என்றார். முதல் தடவையாக ஒருவர் கேட்டார், பதிலுக்கும் காத்திருந்தார். ஜெயபாரதிக்கு அழுகை வந்துவிட்டது.

ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் பார்த்தார்கள். முடிவு வந்த அன்று டாக்டர் நிதானமாகவே சொன்னார். "இதுக்கு பி.சி.ஓ.எஸ்.ன்னு பேருங்க. பத்துப் பொண்ணுங்கள்ல ஒருத்தருக்காவது இருக்கும். ஆண் ஹார்மோன்னு சொல்றமே, அது எல்லாப் பொண்ணுங்களுக்கும் கொஞ்சம் சுரக்கும். சினைப்பையில முட்டையச் சுத்தி இருக்கிற செல்லுங்கதான் அதைச் செய்யும். சில குடும்பத்துல அந்த செல்லுங்க பிறவியிலயே கூடுதலாச் செய்யும். உங்களுக்கும் அப்பிடித்தான் இருக்கு. முடி, விலக்கு நிக்கிறது எல்லாம் அதுலருந்துதான் வருது."

"பிறவியிலயேன்னா?"

"மரபணு. ஒண்ணு இல்லீங்க, இருபதுக்கு மேல கண்டுபிடிச்சிருக்காங்க. ஒவ்வொண்ணும் கொஞ்சமாத் தள்ளும். நெறையா ஒரே ஆள்ல சேந்துட்டா இப்பிடி ஆகும். உடம்பு எடை, சர்க்கரை எல்லாம் அதை இன்னும் ஏத்தி விடும். அம்மா வழியிலதான் வரணும்னு இல்லை, அப்பா வழியிலயும் வரும். ஆம்பளைங்களுக்குச் சின்ன வயசு வழுக்கை, சர்க்கரைன்னு வேற விதமாக் காட்டலாம்."

ஜெயபாரதி ஸ்கேன் தாளை நாலாக மடித்தாள். பிறகு, "எங்க அத்தை எனக்குள்ள இருக்காங்கன்னு ஊட்டுல சொல்லுவாங்க" என்றாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. "நாம பாக்காதவங்களுக்கு நோய்ப் பேர் சொல்ல முடியாதுங்க. அவங்களுக்கும் இதே இருந்திருந்தா, அவங்ககிட்ட இருந்ததுல ஒரு பங்கு உங்ககிட்ட இருக்கலாம். அவ்வளவுதான் சொல்ல முடியும்." தங்கள் மருத்துவக் கல்லூரியில் குடும்பம் குடும்பமாக ரத்தம் சேகரித்து இதை ஆராய்கிறார்கள் என்றும், விருப்பம் இருந்தால் அப்பாவைக் கூட்டிவரலாம் என்றும் சொன்னார்.

வீடு திரும்பும் பஸ்ஸில் ஜெயபாரதிக்கு நிம்மதி வரவில்லை. பேய் இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அத்தையிடமிருந்தது ஒன்று உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் இருக்கலாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். இனி "போயிருங்க" என்று யாரிடம் சொல்வது?

ஞானசம்பந்தம் வரமாட்டேன் என்றுதான் முதலில் சொன்னார். அறுபத்திரண்டு வயது, சர்க்கரைக்காரர், நாள் முழுக்கத் தறிச் சத்தத்திலேயே இருந்து காது மந்தம். மகள் மூன்று வாரம் அவரோடு பேசாமல் இருந்தாள். பிறகு ஒரு திங்கட்கிழமை, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு தானாகவே கிளம்பி நின்றார்.

டாக்டர் சுபஸ்ரீ ஒரு தாளில் குடும்பப் படம் வரைந்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். நோய் இருந்தால் உள்ளே கருப்பு. இறந்தவர்களுக்குக் குறுக்கே ஒரு கோடு. ஞானசம்பந்தத்தின் அப்பா, அம்மா இருவருக்கும் கோடு விழுந்தது. அடுத்து அவருக்கு ஒரு சதுரம், பக்கத்தில் மருதம்மாளுக்கு ஒரு வட்டம். டாக்டர் பேனாவைச் சாய்த்தார்.

"அந்தக் கோட்டைப் போடாதீங்க" என்றார் ஞானசம்பந்தம்.

"இறந்துட்டாங்கன்னுதானே உங்க பொண்ணு சொன்னாங்க?"

"நாந்தானுங்க அப்பிடிச் சொன்னேன்."

ஜெயபாரதி அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தாளையே பார்த்தபடி பேசினார்.

"கோயில்ல அக்காளக் கட்டிப்போட்டு அடிச்சாங்க. தலைய மழிச்சாங்க. நா பக்கத்துல நின்னேன், எனக்குப் பத்தொம்பது வயசு. திரும்பி பஸ்ஸுல வரும்போது ஆளுங்க அவ தாடையப் பாத்துப் பாத்துச் சிரிச்சாங்க. எனக்கு வெக்கமாப் போச்சு, தள்ளி வேற சீட்டுல உக்காந்துட்டேன். அவிநாசிபாளையத்துல பஸ் நின்னுது. அவ எந்திரிச்சு எறங்குனா. எறங்கி என்னையத் திரும்பிப் பாத்தா. நானும் பாத்தேன். பஸ் எடுத்துட்டாங்க. நிறுத்துங்கன்னு ஒரு வார்த்தை எனக்கு வரலீங்க. ஊட்டுல கேட்டாங்க, வாய்க்கால்ல விழுந்துட்டான்னேன். தேடுனாங்க, அழுதாங்க. எல்லாருக்கும் அதுதான் நல்லதாப் போச்சு."

மகள் பக்கம் திரும்பி, "வருசா வருசம் தை அமாவாசைக்கு அவளுக்கு எல போட்டுக் கும்புடறேன் கண்ணு. உசுரோட இருக்காளோ என்னமோ" என்றார்.

டாக்டர் பேனாவை மூடினார். வட்டத்துக்குக் கோடு விழவில்லை. ஞானசம்பந்தம் சட்டைக் கையை மடித்துவிட்டு, ரத்தம் எடுக்கக் கையை நீட்டினார்.

அந்த ஞாயிறு அப்பாவும் மகளும் அவிநாசிபாளையம் போனார்கள். ரோடு அகலமாகியிருந்தது. நாற்பத்து மூன்று வருஷத்துக்கு முந்தைய ஒரு பெண்ணைப் பற்றி யாரைக் கேட்பது? ஒரு பேக்கரிக்காரர், "அப்ப நா பொறக்கவே இல்லீங்க" என்றார். ஞானசம்பந்தம் வெயிலில் நின்று ஒவ்வொரு பஸ்ஸும் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை இழுத்துக்கொண்டு வரத்தான் ஜெயபாரதிக்குப் பாடாகிவிட்டது.

மாத்திரையும் நடையுமாக ஒரு வருஷத்தில் ஜெயபாரதிக்கு விலக்கு ஓரளவு ஒழுங்குக்கு வந்தது. முடி குறைந்தது, அடியோடு போகவில்லை. எந்த மரபணு என்று தனி ஒருவருக்குப் பிரித்துச் சொல்ல முடியாது என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார், அதனால் அதற்கு அவள் காத்திருக்கவில்லை. அம்மா மட்டும் இன்னும் சில சமயம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று கண்ணைத் திருப்பிக்கொள்வாள்.

போன ஆவணியில் ஒரு தோழியின் கல்யாணத்துக்குத் தாராபுரம் போனாள். பஸ் நிலையத்தில் கொய்யாக் கூடை வைத்திருந்த ஒரு கிழவிக்குத் தாடையில் நாலைந்து வெள்ளை முடிகள் இருந்தன. ஜெயபாரதி அங்கேயே நின்றுவிட்டாள். கூடையைத் தூக்கிக்கொண்டு கிழவி நடந்தபோது, இரண்டு தெரு பின்னாலேயே போனாள். கிழவி நின்று திரும்பினாள்.

"ஏங்கண்ணு, என்ன வேணும்?"

"உங்க பேரு என்னங்க?"

"கொழந்தையம்மா."

"பொறந்த ஊருங்க?"

கிழவி கூடையை இடுப்புக்கு மாற்றினாள். ஜெயபாரதியின் தாடையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கூடையிலிருந்து ஒரு கொய்யாவை எடுத்து அவள் கையில் வைத்துவிட்டு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

அதை ஜெயபாரதி அப்பாவிடம் சொல்லவில்லை. வயதானால் எத்தனையோ பெண்களுக்கு முடி முளைக்கும் என்று அவளுக்குத் தெரியும். டாக்டரே சொல்லியிருக்கிறார்.