பதினாலு ஸ்விட்ச் பாக்ஸும் நாங்கள் இரண்டு பேரும்

செங்கல் சுவரை வெட்டும்போது பறக்கிற தூசிக்கு ஒரு ருசி உண்டு. உதட்டில் படிந்து, நாக்கில் மண்ணும் உப்புமாகத் தட்டும்... கல்யாணமான புதிதில் ரெண்டு வருஷம் எனக்கு அந்த ருசி பழக்கம்.

என் வீட்டுக்காரர் சகாயம் திண்டுக்கல்லில் வீட்டு ஒயரிங் வேலை பார்த்தார். கூட வேலை செய்தவர் திருப்பூருக்குப் போய்விட, வேறு ஆள் அமையவில்லை. ஒரு நாள் காலையில் அவர் டூல்ஸ் பையை மொபட்டில் மாட்டிக்கொண்டிருந்தபோது, "நான் வாரேன்" என்று பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

"ஏ ஸ்டெல்லா, ஏணி ஏறணும், சுவத்தக் கொத்தணும். உனக்கு ஆகாது."

"திராட்சைப் பந்தலுக்குள்ள நாள் பூரா கையத் தூக்கிக்கிட்டு குலை வெட்டுனவ நானு. ஏணி என்ன பண்ணிரும்?"

சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தார். அவ்வளவுதான், நானும் வேலைக்காரியாகிவிட்டேன்.

ஸ்விட்ச் போர்டுக்குப் பின்னால், சுவருக்குள் ஒரு இரும்புப் பெட்டி புதைந்திருக்குமே... அந்த பாக்ஸைப் பதிப்பதுதான் எங்கள் முக்கிய வேலை. அவர் சுவரைக் கொத்துவார். நான் பாக்ஸை நேராகப் பிடிப்பேன். சுற்றிலும் அவர் சிமெண்ட் அடைப்பார். அது இறுகும்வரை நான் கையை எடுக்கக் கூடாது.

செத்த நேரம்தான். ஆனால் அந்த நேரத்தில்தான் நாங்கள் பேசிக்கொண்டோம். வீட்டில் ஒரே அறை, ஆறு பேர். அங்கே எங்கே பேசுவது?

நிலக்கோட்டை போகிற வழியில் வேலுச்சாமி அண்ணன் வீடு. பூ வியாபாரம் செய்பவர். எங்களுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை அது.

பாக்ஸ் எல்லாம் பதித்துவிட்டு வந்தோம். பூச்சு வேலை முடிந்து திரும்பப் போனால், ஹாலில் ஒரு பாக்ஸைக் கூடக் காணோம்.

சுவர் கொஞ்சம் சாய்ந்திருந்ததாம். அதை நேராக்க, கொத்தனார் பூச்சைக் கனமாகப் போட்டுவிட்டார். அளவு பார்த்துத் தேடித் தோண்டியதில் விளிம்பெல்லாம் உதிர்ந்தது. உள்ளே ஒரு பாக்ஸ் ஒரு இஞ்ச் ஆழத்தில், இன்னொன்று ஒன்றரை இஞ்சில். ஸ்விட்ச் பிளேட்டை வைத்தால் ஸ்க்ரூ எட்டவில்லை. நீள ஸ்க்ரூ போட்டு முறுக்கினால் பிளேட்டும் சேர்ந்து உள்ளே போனது.

மொத்தம் பதினாலு பாக்ஸ். வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுகிறார்கள். அன்றைக்குப் புதன்.

வேலுச்சாமி அண்ணன் வந்து பார்த்தார். கத்தவில்லை.

"தம்பி, உடைச்சு மாத்தணும்னா மாத்துங்க. ஆனா வெள்ளிக்கிழமை சொந்தபந்தம் பூரா வருது. சுவத்த இந்தக் கோலத்துல பாத்தா, இனிமே இந்தப் பக்கம் உங்களுக்கு யாரு வேலை குடுப்பா?"

அவர் போனதும் சகாயம் ஒரு பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. அவருக்குத் தண்ணீர் வாங்கிவர உள்ளே போனேன்.

ஸ்டோர் ரூமில் அண்ணனின் மனைவி அலமாரி மாட்டிக்கொண்டிருந்தார். வரிசையாக நீளத் துளை போட்ட இரும்பு ஆங்கிள் இருக்குமே, கடைகளில் ரேக் செய்வார்களே, அது. அரிசி டப்பா மேல் தட்டில் இடித்தது. அந்த அக்கா போல்ட்டைக் கழற்றி, தட்டை ஒரு துளை மேலே ஏற்றி முறுக்கினார். டப்பா உள்ளே போய்விட்டது.

நான் டம்ளரோடு அங்கேயே நின்றேன்.

"ஏங்க, செத்த இங்க வாங்களேன்."

வந்தார்.

"இதுல சின்னத் துண்டு வெட்டி பாக்ஸுக்குள்ள ரெண்டு பக்கமும் போல்ட் போட்டா என்ன? துளை நீளமா இருக்குல்ல, வேணுங்கிற அம்புட்டுக்கு முன்னால இழுத்து முறுக்கிக்கிறலாம்ல? பிளேட்டு அதுமேல உக்காந்துரும்."

ஆங்கிளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்த அக்காவிடம் மிச்சமிருந்த ஆங்கிளைக் கேட்டு வாங்கி, ரம்பத்தை எடுத்தார்.

முதல் துண்டு பெரிதாகிவிட்டது. அரத்தால் ராவினோம். ஒரு முகம் பாக்ஸின் பக்கவாட்டில், மறு முகம் பிளேட்டுக்கு. பூச்சு மட்டத்துக்கு இழுத்து முறுக்கி, பிளேட்டை மாட்டினார். விரல் முட்டியால் தட்டினார்... அசையவில்லை.

"எப்டி புள்ள உனக்குத் தோணுச்சு?"

"தெரியல. அந்தக்கா தட்டை ஏத்துனாக, பாத்தேன்."

ரெண்டு நாளும் வெட்டுவது, ராவுவது, முறுக்குவதுதான் வேலை. என் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. அவரே அதற்கு எண்ணெய் தடவிவிட்டார். உதிர்ந்த விளிம்புகளைப் பூசி மறைத்தோம்.

வெள்ளிக்கிழமை பதினாலு போர்டும் சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தன. விருந்தில் வேலுச்சாமி அண்ணன் யாரிடமோ எங்களைக் காட்டி, "வீட்டு ஒயரிங் பூரா இவுக ரெண்டு பேரும் பாத்ததுதான்" என்றார்.

இவுக ரெண்டு பேரும்... என்னையும் ஒரு ஆளாகச் சேர்த்து ஒருவர் சொன்னது அன்றைக்குத்தான். சகாயம் இலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வருஷம் மகள் பிறந்தாள். நான் வீட்டோடு நின்றேன். பிறகு அவருக்குக் கத்தாரில் வேலை கிடைத்தது. பதினோரு வருஷம் ஆகிறது. ரெண்டு வருஷத்துக்கு ஒரு முறை, ஒரு மாசம் வருவார்.

இப்போது ஊருக்கு வெளியே எங்களுக்கென்று வீடு கட்டுகிறோம். போன மாசம் ஒயரிங் நடந்தது. இப்போது வருகிற பாக்ஸில் முன்னே பின்னே நகர்த்துகிற அமைப்பு கம்பெனியிலேயே வைத்து வருகிறது. ஸ்க்ரூவைத் திருகினால் போதும். ஒரே ஆள் வேலையை முடித்துவிடுகிறார்.

பழக்கதோஷத்தில் ஒரு பாக்ஸைப் பிடிக்கப் போனேன்.

"அக்கா, தள்ளி நில்லுங்க. சேலை அழுக்காயிரும்" என்றார் வேலைக்கு வந்தவர். மரியாதையாகத்தான் சொன்னார். நான் தள்ளி நின்றுகொண்டேன்.

சாயங்காலம் வீடியோ காலில் ஒவ்வொரு சுவராகக் காட்டினேன். சகாயம் ஒவ்வொரு பாக்ஸாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"பெட்ரூம்ல ஒரு பாக்ஸ மட்டும் விட்டு வைக்கச் சொல்லு, ஸ்டெல்லா. லீவுல வாரேன்ல... நாம ரெண்டு பேரும் மாட்டிக்கிறலாம்."

"இது ஒத்த ஆளு மாட்டுற பாக்ஸுங்க."

"தெரியும்" என்றார்.

மறுநாள் சொல்லிவிட்டேன். பெட்ரூம் சுவரில் ஒரு சதுர ஓட்டை, ஒயர் முனைகளில் டேப் சுற்றி, அப்படியே இருக்கிறது. பார்க்கிறவர்கள் எல்லாம் ஏன் என்று கேட்கிறார்கள்.

அவருக்கு இன்னும் லீவு கிடைக்கவில்லை.