ஒன்பதாம் எண்ணில் குடியிருந்தவர்கள்

போன வாரம் வீட்டில் வைஃபை பெட்டி மாட்ட ஒரு தம்பி வந்தார். சுவரில் துளை போட்டுவிட்டுப் பெட்டியை உறையிலிருந்து உருவியதும் புது பிளாஸ்டிக் வாசனை குப்பென்று அடித்தது. அந்த வாசனை பட்டால் எனக்குள் ஒரு பழைய அதிகாரி எழுந்து சட்டையைச் சரிசெய்துகொள்வார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஐ.பி. அட்ரஸ் என்ன குடுக்கப் போறீங்க?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் அதுவே எடுத்துக்கிரும் சார். நீங்க பாஸ்வேர்டு மட்டும் சொல்லுங்க" என்றார்.

அதுவே எடுத்துக்கொள்ளுமாம். நண்பரே, அதை எடுத்துக் கொடுக்கும் அதிகாரம் ஒரு காலத்தில் முழுக்க என் கையில் இருந்தது. இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்கள். வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில். என் பதவி நெட்வொர்க் அட்மினிஸ்ட்ரேட்டர். இது எனக்கும் என் நியமன உத்தரவுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். மற்றவர்களுக்கு நான் சிஸ்டம் தம்பி. பிரிண்டருக்கு ரிப்பன் மாற்றுவது, கீபோர்டுக்குள் புகுந்த பஞ்சை ஊதுவது, மேனேஜர் மகளுக்குப் பரீட்சை முடிவு பார்த்துச் சொல்வது, அவள் எடுத்த மார்க்குக்கு நானே காரணம் என்பதுபோல் முறைக்கப்படுவது ஆகியவை என் பணிகள். ஒரு கம்ப்யூட்டரைக் கழற்றினால் குழந்தைக்குத் தலையணை தைக்கும் அளவுக்குப் பஞ்சு வரும்.

கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேச ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் வேண்டும், அதுதான் ஐ.பி. அட்ரஸ். வீட்டுக்குக் கதவு எண் மாதிரி. தெரு எல்லோருக்கும் ஒன்றுதான். கடைசி எண் மட்டும் மாறும். ஒரே எண் இரண்டு மிஷினுக்கு இருந்தால், முதலில் விழித்துக்கொண்டது உள்ளே போய்விடும், பிந்தியது வாசலிலேயே நிற்கும். இதை ஒருநாள் டீ நேரத்தில் எல்லோருக்கும் விளக்கினேன். அறிவை அள்ளி வழங்கும் வயது.

மறுநாளே கோயில் திருவிழாவில் பரிவட்டம் யாருக்கு முதலில் என்பது போன்ற தகராறு ஆரம்பித்துவிட்டது. ஸ்டோர்ஸ்காரருக்கு எட்டு கொடுத்தேன். சனி எண் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். ஸ்டோர்ஸுக்குப் பின்னால் உட்கார அக்கவுண்டன்ட்டுக்கு மனமில்லை. மேனேஜர் பழனிக்காரர். யாரையும் மரியாதைக் குறைவாகப் பேசமாட்டார். 'ங்க' போட்டுத்தான் வேலையை விட்டு அனுப்புவார்.

"ஒண்ணாம் நம்பரு யாருக்குங்க தம்பி?"

"சர்வருக்கு சார். ஏசி ரூம்ல இருக்கே, அது."

"அங்க யாரு உக்காந்திருக்கறாங்க?"

"யாரும் இல்ல சார்."

"யாருமே உக்காராத எடத்துக்கு ஒண்ணு. இங்க நான் உக்காந்திருக்கறேன், எனக்கு ரெண்டு. ரொம்ப நல்லதுங்க."

ஒன்பது ஜெயராணி அக்காவுக்குப் போனது. அதை யாரும் கேட்கவில்லை. அக்காவை யாரும் ஒரு ஆளாகக் கணக்கில் எடுக்காததால் எண்ணையும் எடுக்கவில்லை. அவர் நூலைக் கோனில் சுற்றும் பிரிவில் பல வருடம் நின்றவர். பஞ்சுத் தூசி நெஞ்சில் ஏறி இழுப்பு வந்துவிட்டது. இனி உள்ளே நின்றால் உயிருக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட, முன்பு டைப்ரைட்டிங் படித்திருந்ததைச் சொல்லிக் கெஞ்சி ஆபீஸுக்கு வந்தார். தொழிலாளர் வருகையைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை. சரிவரச் செய்தால் இங்கேயே இருக்கலாம், இல்லாவிட்டால் மறுபடி கோனுக்கு. அந்த வருகை புரோகிராமை எழுதிய மதுரைக்காரர் ஒன்பதாம் எண்ணை மட்டுமே உள்ளே விடும்படி எழுதிவைத்துவிட்டு எங்கோ மறைந்துவிட்டார். புத்திசாலிகள் எல்லோரும் அப்படித்தான்.

சில வாரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு தினமும் காலையில் அக்காவின் மிஷின் மட்டும் முரண்டு பிடித்தது. இந்த எண் வேறு யாரிடமோ இருக்கிறது என்று திரையில் ஆங்கிலத்தில் ஒரு பெட்டி விழும், அதோடு சரி.

"நான் ஒண்ணையும் தொடலயே தம்பி" என்பார் அக்கா, கைகளை மடியில் வைத்துக்கொண்டு.

வேறு யாரும் எண்ணை மாற்றினீர்களா என்று ஆபீஸ் முழுக்கக் கேட்டேன். கோழி திருடினாயா என்று கேட்டதுபோல் பார்த்தார்கள். மேனேஜர் கோயம்புத்தூர் போன நாட்களில் மட்டும் அந்த மிஷின் ஒழுங்காக ஓடியது. இதை அவரும் கவனித்துவிட்டார்.

"நான் இல்லாதப்ப ஓடுதுங்க, நான் இருந்தா ஓடலீங்க. மிஷினுக்கு என்னயத் தெரியுமுங்களா? அந்தம்மா நடிக்கறாங்க. சனிக்கிழமையோட கோனுக்கே அனுப்பிடலாமுங்க."

மிஷினுக்குத் தெரிந்துதான் இருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை. ஒரே கட்டளையில் திருடன் பெயரைச் சொல்லிவிடும் வித்தை அந்தக் காலத்திலேயே உண்டு என்று பின்னால் அறிந்தேன். திண்டுக்கல்லில் நான் படித்த இன்ஸ்டிடியூட்டில் சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தருவதோடு பாடம் முடிந்துவிட்டது.

சனிக்கிழமை காலை அக்காவின் கேபிளைப் பிடுங்கிவிட்டு, என் மிஷினிலிருந்து கட்டளை தட்டி ஒன்பதைக் கூப்பிட்டேன். அந்த எண்ணில் விழித்திருக்கும் மிஷின் எதுவோ அது பதில் அனுப்பும். வீட்டுக்காரர் வெளியே நிற்கிறார், உள்ளேயிருந்து பதில் வருகிறது. எல்லாக் கேபிளும் வந்து சேரும் பெட்டியைத் திறந்தேன். எது யாருடையது என்று ஒட்டிய சீட்டுகள் பஞ்சேறி உதிர்ந்துவிட்டன. ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். பிடுங்கியது யாருடையது என்பதை அந்தந்த அறையின் வாய் அறிவித்தது.

"ஏலே, எவன்டா அது?" இது ஸ்டோர்ஸ்.

"ஏப்பா, செத்த நேரம் முன்னாடி சொல்லிட்டுப் புடுங்கக் கூடாதா?" இது அக்கவுண்ட்ஸ்.

கடைசியில் ஒரு கேபிளைப் பிடுங்கியதும் பதில் நின்றது. எந்த அறையிலிருந்தும் சத்தம் இல்லை. காலிங்பெல் மட்டும் அடித்தது. மில்லில் காலிங்பெல் ஒருவருக்குத்தான் உண்டு.

"ஒம்போது நமக்கு ராசிங்க. ஜோசியர் சொன்னாருங்க. மச்சினன் பையன் லீவுக்கு வந்தப்ப மாத்தி வச்சான்" என்றார் மேனேஜர் பெருமையோடு. ஆபீஸ் முழுக்கக் கேட்ட நான் அவரை மட்டும் கேட்டிருக்கவில்லை. காலையில் அட்டெண்டர் அவர் மேசைக்கு ஊதுபத்தி காட்டி, அவர் கம்ப்யூட்டரை ஆன் செய்த பிறகுதான் மற்ற அறைகளைத் திறப்பார். மேனேஜருக்கு முன்னால் ஆபீஸில் எதுவும் கண்விழிக்கக் கூடாது. அக்கா தினமும் வாசலில் நின்றதற்குக் காரணம் அதுதான்.

நியாயம் பேசியிருக்கலாம். பேசினால் அக்கா கோனுக்குப் போகும்போது துணைக்கு நானும் போகவேண்டும். அதனால் குரலைத் தணித்துக்கொண்டேன்.

"சார், ஒம்போது சின்ன நம்பரு. நூத்தியெட்டு காலியா இருக்கு. கூட்டிப் பாருங்க, அதுவும் ஒம்போதுதான். அர்ச்சனைக்கும் அதான் கணக்கு."

மேனேஜர் கண்களை மூடித் திறந்தார். "இத ஏனுங்க தம்பி முன்னாடியே சொல்லல?"

திங்கட்கிழமை எல்லோருக்கும் பஞ்சாமிர்தம் கொடுத்தார். நம்பர் மாறிய நேரம், அந்தம்மா மிஷின்கூடச் சரியாகிவிட்டது பாருங்க என்று ஊரெல்லாம் சொன்னார். அக்காவை இனி ஆபீஸிலேயே இருக்கச் சொன்னார். அதையும் தன் ராசியின் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

கேன்டீனில் அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். கையிலிருந்த வடையை வைத்துவிட்டார்.

"அப்ப இம்புட்டு நாளா என் வீட்டுக்குள்ள அவரு உக்காந்துக்கிட்டு, என்னைய வெளிய போகச் சொல்லிருக்காரு."

"ஆமாக்கா."

"வாடகையாச்சும் கேட்டியா?" என்று சொல்லி இருமும் வரை சிரித்தார்.

அந்த மில் இப்போது இல்லை. கரண்ட் இல்லாமலும் பஞ்சு விலை ஏறியும் நொடித்துப்போய் மூடினார்கள். இடத்தில் வீட்டு மனை போட்டிருக்கிறார்கள். எண்ணுக்காகச் சண்டை போடவும் இப்போது ஆளில்லை. வைஃபை பெட்டியே காலையில் ஒன்றைக் கொடுக்கிறது, மாலையில் பிடுங்கிக்கொள்கிறது, யாருக்கும் தெரிவதில்லை.

மூடிய நாளன்று மில் பஸ்ஸெல்லாம் போன பிறகு, சும்மா உட்கார்ந்து ஒவ்வோர் எண்ணாகக் கூப்பிட்டுப் பார்த்தேன். ஸ்டோர்ஸ் இல்லை. அக்கவுண்ட்ஸ் இல்லை. நூற்றியெட்டு முன்பே ராசியான வேறு மில்லுக்குப் போய்விட்டது. ஒன்பது மட்டும் பதில் சொன்னது. எழுந்து போய்ப் பார்த்தேன். இனி யாருக்கும் தேவைப்படாத அன்றைய வருகையை அக்கா ஏற்றிக்கொண்டிருந்தார்.

"கிளம்பலயாக்கா?"

"செத்த இரு தம்பி. கோன்ல நின்ன பொம்பளைக பேரு மட்டும் பாக்கி."

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் முடித்து, அணைத்து, சாப்பாட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு போன பிறகு, என் இடத்துக்கு வந்து இன்னொரு முறை ஒன்பதைக் கூப்பிட்டேன். பதில் வரவில்லை.