இரண்டு பக்கமும் கதவில்லாத ஜீப்

முதலில் முதுகு, பிறகு இடுப்பு, கடைசியில்தான் கால். ஜீப்பக்காவின் வீட்டுக்காரர் வண்டியில் ஏறும் முறை இது. ஜீப்புக்கு முதுகைக் காட்டி நின்று, அப்படியே பின்வாங்கி இருக்கையில் உட்காருவார். மடங்காத அந்த ஒற்றைக் காலை அக்கா குதிகாலோடு ஏந்தி, அரைவட்டமாகச் சுற்றி, உள்ளே கொண்டுபோய் வைப்பார். "மெதுவா. அது காலு, கடப்பாரை இல்ல" என்பார் வீட்டுக்காரர். "கனத்துல வித்தியாசம் தெரியல, சும்மா இருங்க" என்பார் அக்கா. பெல்ட்டை இழுத்து மாட்டி, ஒரு தார்ப்பாய்த் துண்டைக் கால்மேல் போர்த்திவிட்டுத் தன் பக்கம் வந்து ஏறிக்கொள்வார். சாத்துவதற்கு எதுவும் இல்லை. இந்த ஜீப்புக்கு இரண்டு பக்கமும் கதவு கிடையாது.

கதவுகள் வீட்டில் இருக்கின்றன, படுக்கையறைச் சுவரில் சாய்ந்தபடி. ஒன்றில் ஈரத்துணி காயும். இன்னொன்றின் கண்ணாடியை இன்னமும் ஏற்றி இறக்கலாம். வீட்டுக்காரர் மாதம் தவறாமல் அதன் கீல்களுக்கு எண்ணெய் போடுகிறார். எதற்கு என்று கேட்டால், "துரு ஏறிடும்ல" என்கிறார். அதற்குமேல் அவரிடம் பேச முடியாது.

மலை உச்சியில் தொலைபேசிக் கோபுரங்கள் நிற்கின்றன. அவற்றைப் பழுதுபார்க்கப் போகும் ஆட்களையும் கருவிப் பெட்டிகளையும் டீசல் கேன்களையும் ஏற்றிப்போவதுதான் அக்காவின் தொழில். பாதித் தூரம் தார்ச்சாலை. அதற்குமேல் சக்கரத்தை எங்கே வைப்பது என்று கல்லைக் கேட்டுத்தான் வைக்க வேண்டும். முன்பு இந்த ஜீப்பை ஓட்டியவர் வீட்டுக்காரர். ஒரு நாள் டயர் மாற்றும்போது ஜாக்கி நழுவி, வண்டி அவர் முழங்கால்மேல் இறங்கியது. மருத்துவர்கள் காலைக் காப்பாற்றினார்கள், மடக்கிக் கொடுக்க முடியவில்லை.

அதன்பின் வண்டி அக்கா கைக்கு வந்தது. வீட்டுக்காரர் வீட்டோடு இருந்தார். நன்றாகப் பாடிக்கொண்டிருந்த ரேடியோவைப் பிரித்துச் சரிசெய்தார். சரிசெய்ததால் அது கெட்டது. மறுபடி பிரித்தார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், சாப்பிடுவார், மறுபடி ரேடியோவிடமே போய் உட்காருவார். இப்படியே சில மாதங்கள் போயின. கூட்டிப்போகலாம் என்றால் ஜீப்பின் கதவு பாதிக்குமேல் திறக்காது. மடங்குகிற கால் அந்த இடைவெளியில் நுழையும், இந்தக் கால் நுழையாது. அக்கா ஸ்பேனரை எடுத்துவந்து கதவைக் கழற்றினார். மறுநாள் மலையேறும்போது பக்கத்திலிருந்து, "ரெண்டாவது போடு, ரெண்டாவது" என்று அதட்டல் கேட்டது. ஏற்கெனவே இரண்டாவது கியரில்தான் போய்க்கொண்டிருந்தார். இருந்தாலும், "சரிங்க" என்றார்.

வினை மலையடிவாரச் சோதனைச்சாவடிக்குப் புதிதாக வந்த இன்ஸ்பெக்டர் வடிவில் வந்தது.

"கதவு எங்கம்மா?"

"வீட்ல இருக்கு சார்."

"வீட்ல இருந்தா எப்படி?"

"பத்திரமாத்தான் இருக்கு சார்."

இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த முறை இப்படிப் பார்த்தால் வண்டி ஸ்டேஷனில்தான் நிற்கும் என்றார். கோபுரத்து ஆட்கள் நல்லது சொல்வதாக நினைத்து, "கதவை மாட்டிக்கிட்டு வாங்கக்கா. அண்ணன் கொஞ்ச நாள் வீட்ல இருக்கட்டும்" என்றார்கள். வீட்டுக்காரரும் அன்று மாலையே, "நான் வரலன்னா என்ன, உனக்குத்தான் பாதை தெரியுமே" என்று சொல்லிவிட்டு ரேடியோ இருக்கும் பக்கம் பார்த்தார். அந்தப் பார்வை அக்காவுக்குப் போதும்.

மறுநாள் போக்குவரத்து அலுவலகத்தில் நின்றார். முதல் ஜன்னலில் இருந்தவர், அது போலீஸ் விஷயம் என்றார். இரண்டாவது ஜன்னலில் இருந்தவர், "கதவில்லாம ஓட்டலாமா? கூடாதுதானே" என்றார்.

"கூடாதுன்னு நீங்க சொல்றீங்களா, சட்டம் சொல்லுதா?"

அவர் மேலே கைகாட்டினார். மேலே இருந்த அதிகாரி ஒரு பெண்மணி. கூட்டத்தில் இருந்தார். அக்கா பெஞ்சில் உட்கார்ந்தார். இன்று வரமாட்டார், நாளைக்கு வாருங்கள் என்று யாரோ சொன்னதற்கு, "பரவால்ல, நாளைக்கும் இங்கயே இருக்கேன்" என்றார். வெளியே வந்த அதிகாரியின் காதில் அது விழுந்திருக்க வேண்டும். உள்ளே கூப்பிட்டு, விதிப்புத்தகத்தை மேசைமேல் விரித்துக்கொண்டார். விளக்கு, ஹாரன், பிரேக், முன்கண்ணாடி, துடைப்பான் என்று விரல் இறங்கிக்கொண்டே போனது.

"அட, கதவுன்னு ஒரு வார்த்தையே இல்லையே" என்று அதிகாரி நிமிர்ந்தார். அக்கா எழுந்துகொண்டார். வென்றாயிற்று, இனி என்ன?

"உட்காருங்க. பின்னாடி வர்ற வண்டியப் பார்க்க ரெண்டு பக்கமும் கண்ணாடி வேணும்னு இருக்கு. உங்களது எங்க?"

அந்த ஜீப்பில் பக்கக் கண்ணாடி கதவில்தான் இருக்கும். கதவோடு அதுவும் வீட்டுக்குப் போய், இத்தனை நாளும் படுக்கையறையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அதும் வீட்லதான் இருக்கு" என்றார், குரல் இறங்கி.

"உடம்பு எதுவும் வண்டிக்கு வெளிய நீட்டக் கூடாது. பெல்ட் போடணும்."

வீட்டுக்காரரின் கால் இதுவரை வெளியே படிமேல்தான் நீட்டிக்கொண்டு வந்தது. பெல்ட் இருக்கையின் அடியில் கிடந்தது. அக்கா சாக்குச் சொல்லவில்லை. "தப்பு என்மேலதான். ஆனா சரிபண்ணக்கூடிய தப்பு" என்றார். இதெல்லாம் இருந்தாலும், வண்டி ஆபத்தாகத் தெரிந்தால் இன்ஸ்பெக்டர் நிறுத்தலாம், அது அவர் பார்வையைப் பொறுத்தது என்று அதிகாரி சொல்லி அனுப்பினார்.

பழைய இரும்புக் கடையில் லாரிக் கண்ணாடிகள் இரண்டு கிடைத்தன. முன்கண்ணாடிச் சட்டத்தின் கீலில் அவற்றை முடுக்கினார். வீட்டுப் பக்கத்துக் கல்பாதையில் ஓட்டிப் பார்த்தபோது மலையே அதில் குலுங்கியது. தேய்ந்த செருப்பை அறுத்து இடையில் வைத்து முடுக்க, மலை அடங்கியது. வீட்டுக்காரரின் இருக்கையைப் பெயர்த்து, தரையில் புதுத் துளை போட்டுப் பின்னால் தள்ளினார். கால் முழுதாக உள்ளே வந்தது. "இப்ப ரோடு சரியாத் தெரியல" என்று அவர் முனகினார். "ரோட்ட நான் பார்த்துக்கறேன், நீங்க கியரைப் பாருங்க" என்றார் அக்கா.

மறுபடி மலைக்கு வண்டியை எடுத்த அன்று வானம் இருட்டிக்கொண்டு நின்றது. சோதனைச்சாவடியில் கை காட்டுமுன்பே அக்கா ஓரங்கட்டி நிறுத்தினார். இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுற்றிவந்தார். ஒரு கண்ணாடியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார், ஆடவில்லை. பெல்ட்டைச் சுண்டி இழுத்தார். குனிந்து, கால் உள்ளே இருக்கிறதா என்று பார்த்தார். அக்காவின் கை ஸ்டீயரிங்கை விடவில்லை.

"போகலாம்" என்றார் கடைசியில். மழை அதற்குள் பிடித்துக்கொண்டது, அக்காவின் பக்கமாகச் சாய்ந்து அடித்தது. "சரிம்மா, அவருக்குக் கால் இப்படி இருக்கு. உங்க பக்கம் கதவு போட்டா என்ன? நனையிறீங்களே."

எல்லாரும் கேட்கிற கேள்விதான். முதல் நாள் ஒரு கதவைத்தான் கழற்றியிருந்தார். நிறுத்திய இடமெல்லாம், "அந்தக் கதவு எங்க?" என்று குனிந்து எட்டிப் பார்த்தார்கள். பார்த்த கண் நேரே காலில் போய் நின்றது. வீட்டுக்காரர் தார்ப்பாயை இழுத்துப் போர்த்திக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்று மாலையே அக்கா தன் கதவையும் கழற்றிவிட்டார். மறுநாளிலிருந்து, "என்னக்கா, ஸ்டைலா?" என்றுதான் கேட்டார்கள். காலை யாரும் பார்க்கவில்லை. இதை அக்கா யாரிடமும் சொன்னதில்லை, வீட்டுக்காரரிடமும்.

"எனக்குக் காத்து வேணும் சார்" என்றார். சட்டையின் வெளிப்பக்கக் கை நனைந்து தோளோடு ஒட்டியிருந்தது.

வீட்டுக்காரர் இன்ஸ்பெக்டர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தன் கால்மேல் கிடந்த தார்ப்பாயை உருவினார். தழும்போடு விறைத்து நீண்ட காலை அப்படியே வெளியே தெரிய விட்டுவிட்டு, பெல்ட் இடம் கொடுத்த மட்டும் எட்டி, தார்ப்பாயை அக்காவின் நனைந்த தோளில் போட்டு, முனையைக் கழுத்தோரம் செருகிவிட்டார்.