நரி போட்ட டர்னிப் விளக்கு

நம்பினால் நம்புங்கள். போன நவம்பரில், சுவிட்சர்லாந்தில் எங்கள் ஏரிக்கரை ஊரில், எனக்கே நடந்தது இது. எழுதும்போதுகூட வலது கை சில்லிடுகிறது.

அன்று டர்னிப் விளக்கு ஊர்வலம்; டர்னிப் கிழங்கைக் குடைந்து உள்ளே மெழுகுவத்தி ஏற்றிப் பிள்ளைகள் தூக்கிப்போவார்கள். என் ஆறு வயது மகள் அன்னினாவுக்காக ஒரு பெரிய கிழங்கைக் குடைந்தேன். ஊதாத் தோலைச் சீவி நரி ஒன்று போட்டேன். கத்தி வழுக்கி வாலில் ஒரு வெட்டு விழுந்துவிட்டது.

"நரியா இது? வயித்து வலி வந்த பூனையாட்டம் இருக்கு," என்றான் என் கணவன் ரெட்டோ.

"அப்ப நீயே செதுக்கேன்."



ஊர்வலம் கிளம்பியதும் தெருவிளக்கு, வீட்டு விளக்கு எல்லாவற்றையும் அணைத்துவிடுவோம். கும்மிருட்டில் முகம் தெரியாது. கையில் தொங்கும் விளக்கை வைத்துத்தான் யார் பிள்ளை என்று கண்டுகொள்வோம். நானும் அந்த வெட்டுப்பட்ட வாலையே பார்த்தபடி பின்னால் நடந்தேன்.

திருப்பத்தில் எல்லா விளக்குகளும், ஊர்வலம் முடியும் பள்ளிக்கூட மேட்டில் ஏறின. நரி மட்டும் ஏரிப் பாதையில் இறங்கியது.

"அன்னினா, அங்க எங்கடி போற?"

நரி நிற்காமல் போனது. ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"கையுறைய எங்க தொலைச்ச?"

ஈரமான கை. குடைந்த கிழங்கின் உட்புறம் போல வழவழவென்று... சில்லென்று...

அது என்னை இழுத்தது. சின்னப் பிள்ளைக்கு இவ்வளவு பலமா?

காலுக்கடியில் படகுத்துறைப் பலகை. தட்... தட்...

என் காலடி மட்டும்தான் கேட்டது.

போன் அடித்தது. மணி ஆறு ஐம்பது.

"எங்க போய்த் தொலஞ்ச?" ரெட்டோதான். "அம்மா எங்கன்னு அன்னினா அழறா."

"அவ... உன்கூடவா இருக்கா?"

"பள்ளிக்கூடத்துல, என் பக்கத்துலதான். விளக்கோட."

என் கைக்குள் இருந்த விரல்கள் இறுகின.

உதறினேன். அது பலகை விளிம்பைத் தாண்டிச் சரிந்தது.

தண்ணீரில் சத்தமே இல்லை...

விளக்கு மட்டும் அணைந்தது.

பள்ளிக்கூடத்தில் அன்னினாவைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவள் கையில் அதே நரி. வாலில் அதே வெட்டு.

மறுநாள் பக்கத்து வீட்டு மார்க்ரித்திடம் சொன்னேன். அவள் முகம் வெளுத்துப்போனது. நாங்கள் இந்த ஊருக்கு வருவதற்கு முன்பு, இதே ஊர்வலத்தன்று, தோர்லி என்பவள் அந்தத் துறையில்தான் மூழ்கிச் செத்தாளாம். அவள் மகன் அப்போது பள்ளிக்கூடத்தில் சூப் குடித்துக்கொண்டிருந்தானாம்.

"அவன் விளக்குல தோர்லி கப்பல் போட்டிருந்தா. அது அவன் கையிலதான் இருந்துச்சு. நானே பாத்தேன்," என்றாள் மார்க்ரித். "தோர்லிய வெளிய எடுத்தப்ப அவ கையிலயும் ஒரு விளக்கு இருந்துச்சு. அதுலயும் அதே கப்பல்."